அறுவைக்குப் பிறகு கையை ஏன் அசைக்க வேண்டும்?

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து சாத்தான்குளத்துக்குத் திரும்பும் பெண்ணிடம் அக்கம்பக்கம் சொல்வது ஒன்றுதான்: "கையை அசைக்காதம்மா, குடம் தூக்காத." அன்பான பேச்சுதான், ஆனால் பாதி தப்பு.

ஏன்? அறுவையில் அக்குளின் நிணநீர் முடிச்சுகளையும் பல நேரம் எடுத்துவிடுகிறார்கள். இரத்தத்துக்கு இதயம் இருப்பதுபோல நிணநீருக்குத் தனியாக ஒன்று கிடையாது. நாளங்கள் தாமாகச் சுருங்குவதும், தசைகள் அவற்றை அமுக்குவதும்தான் அதை மேலே ஏற்றுகின்றன. பாதை குறைந்து, தசையும் சும்மா கிடந்தால் நீர் தேங்கும், வளையல் இறுகும். தோளும் பிடித்துக்கொள்ளும். பிறகு தலைபின்னக்கூட இன்னொருவர் வேண்டும்.

எப்படி? முதலில் விரல்களை மடக்கி விரிப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது. காயத்தில் நீர் வடிய வைத்த குழாயை எடுத்து மருத்துவர் சரி என்றபின், சுவரைப் பார்த்து நின்று விரல்களாலேயே பல்லிபோல மேலேறலாம். எட்டிய இடத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். அடுத்த வாரம் கோடு உயரும்.

எடை தூக்கலாமா? கை வீக்கம் உள்ள 141 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. பயிற்சியாளர் மேற்பார்வையில் சிறிது சிறிதாக எடை கூட்டியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென மோசமாவதும் குறைந்தது. அதற்காக நாளைக்கே நிறைகுடம் வேண்டாம்.

அந்தக் கையைப் பனையோலை கீறினாலும் கவனம் தேவை, கீறல் வழியே கிருமி புகலாம். கை சிவந்து சுட்டால், காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனை. தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.