கட்டைக் கணக்கில் ஒரு பட்டணம்

பூச்சோங் இன்றைக்குப் பெரிய பட்டணம். பேரங்காடிகள், அடுக்குமாடிகள், 1999இல் திறந்த டாமன்சாரா - பூச்சோங் நெடுஞ்சாலை, 2016இல் வந்த எல்.ஆர்.டி. ரயில். ஆனால் நம்ம வயசாளிகளைக் கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டாம் கட்டை, பதினான்காம் கட்டை என்றுதான் இன்னமும் வழி சொல்வார்கள்.

அந்தக் கட்டைகளை ஒட்டி ஒரு பக்கம் ஈயச் சுரங்கம், மறுபக்கம் ரப்பர் காடு. கின்றாரா, காசல்பீல்ட் போன்ற தோட்டங்களில் பாடுபட்டவர்கள் நம்மவர்கள். விடியுமுன்னே பெரட்டு. கிராணி பேர் கூப்பிட்டதும் உளியும் வாளியுமாக நிரைக்குப் போவார்கள் நம் தாய் தகப்பன்மார். மரம் வெட்டி, மங்கு மங்காகப் பாலெடுத்து, காண்டாவில் தூக்கி ஸ்டோருக்கு வரணும். மழை பிடித்தால் மரம் வெட்ட முடியாது. கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில், பெரிய பிள்ளை தோட்டப் பள்ளியில். வருஷத்துக்கு ஒரு தடவை மாரியம்மன் திருவிழா. லயமே ஒன்றாகக் கூடும்.

1990களில் ரப்பர் காடு மளமளவென்று வீட்டு மனையானது. மரம் சாய்ந்தால் வேலை போகும்; வேலை போனால் லயத்து வீடும் போகும். இரண்டையும் ஒரே கயிற்றில் அல்லவா கட்டியிருந்தார்கள்! இன்று அங்கே தோட்டம் இல்லை. கின்றாரா, காசல்பீல்ட் என்ற பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் சுமந்து நிற்கின்றன.

தோழர்களே, இந்தக் கதை பூச்சோங்கோடு முடிந்துவிடவில்லை. இன்னும் தோட்டத்தில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்குறைப்பு நஷ்டஈட்டுக்கு 1980ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. 5 வருஷமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். 2 முதல் 5 வருஷத்துக்குள் என்றால் 15 நாள். ஒரு வருஷம் முடித்து 2 வருஷம் ஆகாதவருக்கு 10 நாள். இருபது வருஷம் உழைத்தவருக்கு 400 நாள் சம்பளம் சேர வேண்டும். ஆனால் வீட்டைப் பற்றி அந்த விதிகளில் ஒரு வார்த்தையும் கிடையாது. அதை நாம் ஒன்று சேர்ந்து பேசித்தான் வாங்க வேண்டும்.

அதனால் சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, வேலைக்குச் சேர்ந்த கடிதம் எதையும் தூக்கி எறியாதீர்கள். ஒரு தகர டப்பாவில் போட்டு வையுங்கள். தோட்டம் கைமாறுகிறது என்ற பேச்சு காதில் விழுந்த அன்றே சங்கத்துக்குச் சொல்லுங்கள். மரம் சாய்ந்த பிறகு ஓடி வந்தால், பேசுவதற்கு நம் கையில் பிடி இருக்காது.