பழைய இசைத்தட்டுகளைப் பேணும் முறை

பாடுவோர் மறைந்தாலும் அவர்தம் பாட்டு மறையாதவாறு காக்கும் பொருள்களுள் இசைத்தட்டும் ஒன்று. நாடக மேடையில் புகழுடன் விளங்கிய எஸ். ஜி. கிட்டப்பா 1933ஆம் ஆண்டில் இளமையிலேயே மறைந்தார். அவருடைய குரல் இன்றும் நம் செவிக்கு எட்டுவதற்கு அந்நாளைய இசைத்தட்டுகளே காரணம். இத்தகைய பழந்தட்டுகள் பரண்களிலும் பெட்டிகளிலும் தூசு படிந்து கிடப்பதுண்டு. அவற்றைத் தூய்மை செய்ய விழைவோர் முதற்கண் அறியவேண்டுவது, தட்டு எப்பொருளால் ஆயது என்பதாகும்.

முற்காலத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கினால் ஆனவை. பூச்சிகள் மரக்கிளைகளிற் சுரக்கும் அரக்கைத் தூய்மை செய்து, அதனுடன் கல்தூள் முதலியவற்றைக் கலந்து அவற்றைச் செய்தனர். அவை கனமானவை, கீழே விழுந்தால் உடைவன, நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 முறை சுழல்வன. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தார் வினைல் என்னும் செயற்கைப் பொருளாலான நெடுநேரத் தட்டை வெளியிட்டனர். அது சிறிது வளையும் இயல்புடையது. நிமிடத்திற்கு 33⅓ முறை சுழல்வது.

தட்டின்மேல் நுண்ணிய பள்ளம் ஒன்று விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுருளாகச் செல்கிறது. அதன் சுவர்களிலுள்ள நெளிவுகளே ஒலியின் வடிவம். அவற்றின் வழியே செல்லும் ஊசி அதிர்கிறது, அவ்வதிர்வே பாட்டாகிறது. பள்ளத்தில் தூசு இருப்பின் கரகரப்பு எழும். அதுமட்டுமன்று, ஊசி அத்துகள்களை அழுத்தித் தேய்ப்பதால் சுவர்களும் தேயும். ஆதலின் அழுக்கடைந்த தட்டைத் தூய்மை செய்யாமல் ஓட்டுதல் தகாது.

முதலில் மென்மையான தூரிகையால் தூசியை நீக்குதல் வேண்டும். பின்னர், காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்பு நீர்மம் சில துளி கலந்து, அதில் நனைத்த மெல்லிய துணியால், பள்ளம் செல்லும் வழியே வட்டமாகத் துடைத்தல் வேண்டும், குறுக்கே துடைத்தலாகாது. நடுவிலுள்ள பெயர்த்தாள் நனையாதவாறு காத்தல் இன்றியமையாதது. இறுதியில் தூய வடிநீரால் சோப்பை நீக்கி, நிழலில் நிறுத்தி உலர்த்துக. கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் உலர்ந்தபின் பள்ளத்தில் தங்கிவிடுமாதலின் வடிநீரே சிறந்தது.

வினைல் தட்டில் ஒட்டிய பிசுக்கைப் போக்க ஆல்கஹால் சிறிதளவு கலந்த நீரைப் பயன்படுத்துவதுண்டு. அரக்குத் தட்டிற்கோ அதுவே நஞ்சாகும். அரக்கு ஆல்கஹாலில் கரையும் இயல்பினது. தச்சர் மரத்திற்கு மெருகேற்றும் பூச்சையும் அவ்வாறு கரைத்தே செய்வர். இதனை அறியாது துடைப்பின், அழுக்கோடு நெளிவுகளும் கரைந்தொழியும். காக்க விரும்பிய கையே பாட்டை அழித்துவிடும்.

கீறலையும் தேய்வையும் எவராலும் மாற்ற இயலாது. அழுக்கை மட்டுமே அகற்றலாம். தூய்மை பெற்ற தட்டைப் புதிய உறையிலிட்டு, வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் நிமிர்த்தி வைத்தல் நன்று. பொருளின் இயல்பை அறிந்து பேணுவோரிடத்தே பழைய பாட்டு நெடுங்காலம் வாழும்.