சூரியன் சும்மா இருந்த வருஷங்கள்

நம்ம பத்மநாபபுரம் அரண்மனையோட பழைய கட்டடம் 1601 வாக்கில எழும்பினது. அதுக்கு அப்புறம், 1645-லிருந்து 1715 வரை, சூரியன்ல கரும்புள்ளிகளே அபூர்வமாப் போச்சு. மாண்டர் மினிமம்னு அதுக்குப் பேர். 1729-ல மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வரும்போது சூரியன் தன்னோட பதினோரு வருஷத் தாளத்துக்குத் திரும்பியாச்சு. (மார்த்தாண்டன்னாலே சூரியன்தான், பொருத்தம் பாருங்க.)

2008-ல 260 நாளுக்கு மேல ஒரு புள்ளிகூட இல்ல. மறுபடி மாண்டர் காலம் வரப்போகுதான்னு பலரும் கேட்டாங்க. ஆனா 1913-ல 311 நாள் புள்ளி இல்லாமத்தான் கிடந்தது. அப்போ எந்த அமைதி நிஜமாவே ஆழமானது? புள்ளியை மட்டும் எண்ணினா பதில் கிடைக்காது. பூஜ்யத்தையும் பூஜ்யத்தையும் எப்படி ஒப்பிடுறது?

இங்கதான் கொடைக்கானல் வருது. 1899-ல தொடங்கின அந்த ஆய்வகத்தில, கால்சியம் உறிஞ்சுற ஊதா நிற ஒளியில சூரியனைத் தினமும் படமெடுத்தாங்க. காந்தப்புலம் இருக்கிற இடம் அதுல வெளிச்சமாத் தெரியும். புள்ளி இல்லாத நாள்லயும் மெல்லிய வலை மாதிரி வெளிச்சம் இருக்கும். அதனால இந்தப் படம் பூஜ்யத்துக்கு உள்ளேயும் பார்க்கும்.

சூரியன் நம்ம பார்வைக்கு ஒரு சுற்று சுற்ற ஏறத்தாழ 27 நாள். தினம் எடுத்த படத்தில நடுவில இருக்கிற ஒரு கீற்றை மட்டும் வெட்டி, ஓலைப்பாய் முடையற மாதிரி வரிசையாச் சேர்த்தா, முழு சூரியனோட வரைபடம் ஒண்ணு கிடைக்கும். கொடைக்கானல் படங்களை டிஜிட்டலாக்கி, 1907 முதல் 2007 வரை இப்படி வரைபடங்கள் செஞ்சிருக்காங்க. கேக்க சுலபம். ஆனா மழைக்காலத்தில மேகம் மூடி நாள்கள் விட்டுப்போகும். ஒவ்வொரு கண்ணாடித் தகடும் ஒவ்வொரு கருமையில கழுவப்பட்டிருக்கும். 1913-ல மங்கலாத் தெரியுறது சூரியனா, தகடா? அதைப் பிரிக்க, அதே படத்தில இருக்கிற அமைதியான பகுதியையே அளவுகோலா வச்சுத் திருத்துறாங்க. என்னைக் கேட்டா, முழு வேலையிலயும் நேர்மையான பகுதி இதுதான்.

அமைதிக் காலத்தில முக்கியமான இடம் துருவங்கள். அங்க இருக்கிற காந்தப்புலம் அப்போ எவ்வளவு வலுவோ, அடுத்த சுழற்சியும் ஏறக்குறைய அவ்வளவு வலு. நேரடியாத் துருவக் காந்தத்தை ஒழுங்கா அளக்க ஆரம்பிச்சது 1970-களில்தான். அதுக்கு முந்தினதுக்கு, துருவத்தில தெரியுற அந்த வெளிச்ச வலையை வச்சுத்தான் கணக்குப் போடணும்.

2008-ல துருவக் காந்தம் 1996-ல இருந்ததைவிட நல்லாக் குறைஞ்சு போச்சு. அதுக்குப் பிறகு வந்த 24-ஆவது சுழற்சி நூறு வருஷத்திலேயே பலவீனமானது. ஆனா 2024-ல உச்சம் தொட்ட 25-ஆவது சுழற்சி அதைவிட வலு. மாண்டர் கதை இப்போதைக்கு வரல. அடுத்த அமைதி 2030 வாக்கில வரும்போது, புள்ளிக் கணக்கை விட்டுட்டுத் துருவத்தைப் பாருங்க.