முக்காடு மட்டுமா பிரச்சினை?

லாஸ் ஏஞ்சலஸ் மறைமாவட்டப் பள்ளிகளில் பாடம் நடத்திவந்த மாசற்ற இதய மரியா சபைக் கன்னியர், 1967-ல் பொதுப்பேரவை கூட்டிச் சில முடிவுகளை எடுத்தார்கள். என்ன உடுத்துவது, எப்போது செபிப்பது என்பதைச் சிஸ்டர்களே தீர்மானிக்கலாம். ஆசிரியப் பயிற்சி முடிக்காதவரை வகுப்புக்கு அனுப்பக் கூடாது. வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைய வேண்டும். பேராயர் கர்தினால் ஜேம்ஸ் மெக்கின்டையர் ஏற்கவில்லை. பழைய ஒழுங்குக்குத் திரும்பாவிட்டால் தன் பள்ளிகளில் இடமில்லை என்றார். வத்திக்கானும் அவர் பக்கமே நின்றது. 1970-ல், சபைத் தலைவி அனிதா காஸ்பரியோடு முந்நூறுக்கும் மேற்பட்டோர் வார்த்தைப்பாடுகளிலிருந்து விடுபட்டு வெளியேறினார்கள். ஐம்பது பேர் அளவில் தங்கினார்கள்.

இதை உடைச் சண்டை என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். 1950-களின் அமெரிக்கப் பங்குப் பள்ளிகளில் ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள் இருப்பது அபூர்வமல்ல. நவதுறவகத்தை முடித்த இளம்பெண், பட்டம் வாங்கும் முன்பே அவர்கள் முன் நிறுத்தப்படுவார். கோடை விடுமுறைகளில் மட்டும் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் முடிக்க இருபது ஆண்டுகூட ஆகும். சம்பளம் சொற்பம், ஓய்வுக்காலத்துக்கு என்று எதுவும் சேரவில்லை. முதிய துறவியருக்காக 1988 முதல் அமெரிக்கக் கோயில்களில் ஆண்டுதோறும் தனிக் காணிக்கை எடுக்கப்படுவது அந்தப் பழைய பாக்கியால்தான்.

அன்று மடத்துக்குள் வந்த கடிதத்தைத் தலைவி படித்த பிறகே சிஸ்டர் படிப்பார். தனியாக வெளியே போக முடியாது. பெற்ற தாயோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிடக்கூடப் பல சபைகளில் அனுமதியில்லை. அந்த ஒழுங்கிலேயே ஆழ்ந்த செபத்தையும் நிறைவையும் கண்டவர்கள் உண்டு; அதை மதிக்க வேண்டும். ஆனால் அந்த வகுப்பறைகளில் தேய்ந்த பெண்களின் உழைப்பைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டுக் கடந்துபோவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மாற்றத்துக்குக் கதவைத் திறந்தது திருச்சபையேதான். உடையை எளிமையாக்கும்படி திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1952-லேயே கேட்டுக்கொண்டார். 1965 அக்டோபரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் துறவற வாழ்வின் புதுப்பித்தல் பற்றி வெளியிட்ட ஆணை, ஒரே மூச்சில் இரண்டைச் சொன்னது: சபையை நிறுவியவரின் மூல நோக்கத்துக்குத் திரும்புங்கள், காலத்துக்கேற்ப மாறுங்கள். மாற்றத்தை விரும்புவோர், மரபைக் காப்போர் ஆகிய இரு தரப்பும் இன்றுவரை அந்த ஆணையைத்தான் காட்டுகின்றன.

மூலத்துக்குத் திரும்புவதிலும் சிக்கல் இருக்கிறது. வின்சென்ட் தே பவுல் 1633-ல் பிரான்சில் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபையில் முதலில் உடுத்தியது அக்காலக் கிராமத்துப் பெண்களின் சாதாரண உடை. கஞ்சி போட்டு விறைத்த, இறக்கை விரித்ததுபோன்ற வெள்ளைத் தலையணி பின்னால் வந்து சேர்ந்தது. 1964-ல் அதைக் கழற்றினார்கள். அவர்களுக்கு மூலம் என்பது ஊராரைப்போல் உடுத்துவது. தொமினிக்கன் சபையினருக்கோ, 13ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வெள்ளை அங்கியே மூலத்தின் அடையாளம்.

இன்று டென்னசியின் நாஷ்வில் தொமினிக்கன் மடத்தில் சிஸ்டர்கள் முழு அங்கியும் முக்காடும் அணிந்து, ஒன்றாகச் செபித்து, ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து பள்ளிகளில் கற்பிக்கிறார்கள். அங்கிருந்து சென்ற நால்வர் 1997-ல் மிச்சிகனில் தொடங்கிய சபைக்கும் இளம்பெண்கள் வந்தார்கள். வேறு சபைகளில் இருவர் மூவராகச் சாதாரண அடுக்ககத்தில் தங்கி, சிறைப்பணி, குடியேறியோருக்கான சட்ட உதவி, மருத்துவமனை என்று தனித்தனி வேலைக்குப் போகிறார்கள். சம்பளம் சபைக்கே போகும். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடுகள் அங்கும் மாறவில்லை. மாறியது, ஒரு சிஸ்டரின் வேலையையும் வேளையையும் யார் வகுப்பது என்பது. தலைவி ஆணையிடுவதா, கலந்து பேசி முடிவெடுப்பதா? என் பார்வையில் பிளவின் வேர் இதுதான். 1956-ல் தோன்றிய சபைத் தலைவியர் கூட்டமைப்பு பிந்திய வழியில் போக, மரபுவழிச் சபைகள் தனிக் கூட்டமைப்பாகி 1992-ல் வத்திக்கானின் அங்கீகாரம் பெற்றன. மூத்த கூட்டமைப்பின் கோட்பாடுகளை வத்திக்கான் 2012-ல் கண்டித்துக் கண்காணிப்பில் வைத்தது. 2015-ல், திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில், அது முடிவுக்கு வந்தது.

முக்காட்டைக் கழற்றியதால்தான் மடங்கள் காலியாயின என்ற வாதம் அடிக்கடி வருகிறது. 1965-ல் சுமார் 1,80,000 ஆக இருந்த அமெரிக்கச் சிஸ்டர்கள் 2014-ல் 50,000-க்கும் கீழே போனது உண்மை. ஆனால் அதே காலத்தில் குடும்பங்கள் சிறுத்தன. படிக்கவும் சம்பாதிக்கவும் பெண்களுக்கு வேறு வழிகள் திறந்தன. மரபுவழிச் சபைகளில் சேர்வோர் இளையவர்கள்தான், என்றாலும் அந்த இழப்பை ஈடுகட்டும் எண்ணிக்கை அங்கும் இல்லை.

லாஸ் ஏஞ்சலஸ் சபையின் பிற்கால வரலாறே இந்த எளிய கணக்கைக் குழப்புகிறது. வெளியேறியவர்கள் அமைத்த குழுமம் ஆண்களையும் மணமானவர்களையும் சேர்த்துக்கொண்டு தொடர்ந்தது. அதே சபையின் சிலர் 1970-களில் கான்சஸின் விச்சிட்டாவில் தொடங்கிய மரபுவழிக் கிளையும் வளர்ந்தது. பேராயருக்குக் கீழ்ப்படிந்து லாஸ் ஏஞ்சலஸிலேயே தங்கியவர்களில் 2015-ல் ஐந்து முதியவர்களே மிஞ்சியிருந்தார்கள். அவர்களில் சிலர், தங்கள் பழைய மடத்தை விற்கும் உரிமை யாருடையது என்று மறைமாவட்டத்தோடு நீதிமன்றத்தில் வழக்காடினார்கள்.