கடைசி நாட்களில் வலி



புற்றுநோய் முற்றி, குணமாக்க இயலாது என்றான பின் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல, வலியைத் தணிக்கக் கூடும். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், நோயாளி வலியால் கதறும்வரை காத்திராமல், நேரம் தவறாமல் மருந்து கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். சாதாரண மார்ஃபின் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கிறோம். மலச்சிக்கல் உண்டாகும், ஆகவே அதற்கும் மருந்து உண்டு.

“சீக்கிரம் மரித்துவிடுவாரோ?” என்று வீட்டார் பயப்படுகிறார்கள். சரியான அளவில் கொடுத்தால் மார்ஃபின் மரணத்தைத் துரிதப்படுத்தாது. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகளே இதை வைத்திருக்கத் தயங்கின. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டும் தயக்கம் முற்றிலும் நீங்கவில்லை.

வலி தணிந்தவர் முதலில் தூங்குகிறார். பிறகு பேசுகிறார்: திருப்பித் தரவேண்டிய கடன், மகளின் கல்யாணம், வருஷக்கணக்காய் முகம் பாராத தம்பி. துடித்துக்கொண்டிருப்பவரிடம் ஒப்புரவைப் பற்றிப் பேசுவது வீண். ஜெபம்கூடக் காதில் ஏறாது.

மாத்திரை மலிவுதான். வீடு தேடிப்போக நர்சும் வண்டியும் வேண்டும். உங்கள் காணிக்கைகள் அதற்கே செலவாகின்றன.