காணா நஞ்சு

நெடுநாள் புழங்காத கிணற்றைத் தூர்வார முனைவோர், ஆளை இறக்குவதற்கு முன் எரியும் விளக்கு ஒன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்ப்பது நம் ஊர்ப்புறங்களில் வழக்கம். சுடர் அணைந்துவிட்டால் எவரும் இறங்குவதில்லை. இலையடர்ந்த வேப்பங்கொத்தைக் கயிற்றில் பிணைத்துப் பலமுறை இறக்கி ஏற்றி, அடியில் தேங்கிய காற்றைக் கலைப்பர். பின்னர் மீண்டும் விளக்கை இறக்கிப் பார்ப்பர். பணியிடப் பாதுகாப்பு என்னும் துறையின் இரு பெருங்கூறுகளான இடரை அறிதலும் இடரைக் கட்டுப்படுத்துதலும் இச்சிறு செயலில் அடங்கியுள்ளன.

ஆயினும், அவ்விளக்கு எல்லாவற்றையும் அறிவிப்பதில்லை. தூய காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு உள்ளது. அது 16 விழுக்காட்டை ஒட்டிக் குறையும்போது சுடர் அணைகிறது. 10 விழுக்காட்டுக்குக் கீழே சென்றால் மனிதர் நினைவிழப்பர். எனவே, ஆக்சிஜன் குறைவை விளக்கு ஓரளவு காட்டிக்கொடுக்கும். நச்சு வளியை அது காட்டாது. கிணற்றுக்குள்ளேயே டீசல் அல்லது பெட்ரோல் எஞ்சினை இறக்கி நீர் இறைக்கும்போது வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இணையும் அவ்வளி, உயிரைக் குடிக்கும் அளவில் கலந்திருக்கும் இடத்திலும் சுடர் நின்று எரியும். கழிவுநீர்த் தொட்டியிலோ விளக்கே இடராகிவிடும். அங்கு உண்டாகும் மீத்தேன், காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறியிலேயே வெடிக்கும். கிணற்றுக்குரிய வழக்கத்தைத் தொட்டிக்குக் கொண்டுசெல்லலாகாது.

மூக்கும் ஏமாறும்

கழிவுநீர்த் தொட்டி, பாதாளச் சாக்கடை ஆகியவற்றில் மிகுதியான உயிர்களைப் பறிப்பது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றுப்புகாச் சூழலில் வாழும் நுண்ணுயிரிகள், கழிவிலுள்ள கந்தகச் சேர்மங்களைச் சிதைப்பதால் இது உண்டாகிறது. அழுகிய முட்டையின் நாற்றமுடையது. ('நாற்றம்' என்னும் சொல் பண்டு நறுமணத்தைக் குறித்தது, பொருள் இழிந்து இன்று தீய மணத்துக்கே உரியதாயிற்று.) பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு இதனை உணர்ந்துவிடும்.

இது பெரும் நன்மைபோலத் தோன்றலாம். ஆனால், பத்து லட்சத்தில் 100 பங்கு என்னும் அளவை எட்டியதும், சில நிமிடங்களில் முகரும் உணர்வு செயலிழந்துவிடுகிறது. நாற்றம் நின்றுபோகிறது, நஞ்சோ அப்படியே இருக்கிறது. "வாடை போய்விட்டது, இனி இறங்கலாம்" என்று தொழிலாளர் துணியும் நேரம், இடர் மிக முற்றிய நேரமாக இருக்கக்கூடும். 700 பங்கைக் கடந்த இடத்தில் ஓரிரு மூச்சிலேயே மனிதர் சாய்ந்துவிடுவர். கூவி அழைக்கவும் பொழுதிராது.

இவ்வளி காற்றைவிடக் கனமானது. ஆகவே, அடியில் தங்கும். மேலும், சகதிக்குள் அடைபட்டுக் கிடந்து, கோலால் கிளறியவுடன் குபீரென வெளியேறும். மூடியைத் திறந்து ஒரு மணிநேரம் காத்திருந்துவிட்டோம் என்பது இதனால் பாதுகாப்பாகாது. வாய்ப்பகுதியில் மட்டும் அளந்து பார்ப்பதும் போதாது. மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் வளி அளவியைக் கொண்டு அளத்தல் வேண்டும். பணி முடியும்வரை அளந்துகொண்டே இருத்தலும் வேண்டும்.

இத்தகைய இறப்புகளை நாளிதழ்கள் 'விஷவாயு தாக்கி இறந்தார்' என்று எழுதுகின்றன. இத்தொடரில் வினைமுதல் வாயு. அது எங்கிருந்தோ பாய்ந்து வந்து தாக்கியதுபோன்ற தோற்றத்தைத் தொடர் தருகிறது. அவரை அங்கு இறக்கியவர் யார், அளவி ஏன் இல்லை என்னும் வினாக்களுக்கு அத்தொடரில் இடமே இல்லை.

இரண்டாவதாக இறங்குபவர்

இந்நிகழ்வுகளில் பெரும்பாலும் ஒருவர் மட்டும் இறப்பதில்லை. தம்பி சாய்ந்ததைக் கண்ட அண்ணன் இறங்குவார். அவர் மீளாதது கண்டு உடன்வந்தவர் இறங்குவார். மூடிய இடங்களில் நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியத் தொழிற்பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனம், இறந்தோரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பிறரைக் காப்பாற்ற முயன்றவர்களே என 1986ஆம் ஆண்டில் எச்சரித்தது. அன்பும் அச்சமின்மையும் அங்கு நுரையீரலுக்குத் துணையாவதில்லை. முகத்தில் கட்டிய ஈரத்துணி வளியைத் தடுக்காது. நஞ்சை வடிகட்டும் முகமூடியும் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஆக்சிஜனை உண்டாக்காது. காற்று உருளையுடன் கூடிய சுவாசக் கருவியே அங்கு உதவும்.

ஆகவே, மீட்பு என்பது இறங்குவதற்கு முன்பே ஆயத்தமாக இருக்க வேண்டிய ஒன்று. உடற்கச்சையுடன் பிணைத்த கயிறு மேலே இருப்பவரின் கையிலோ முக்காலியில் பொருத்திய சுழலியிலோ இருந்தால், எவரும் இறங்காமலே விழுந்தவரைத் தூக்கிவிடலாம். கயிறின்றி ஒருவர் விழுந்துவிட்டால், மேலிருப்போர் செய்யத்தக்கது 112 என்னும் எண்ணை அழைத்துத் தீயணைப்பு மீட்புப் பணியினரை வரவழைப்பதும், ஊதுவிசிறி இருப்பின் அதனால் உள்ளே தூய காற்றைச் செலுத்துவதுமே. கண்முன் ஒருவர் கிடக்கையில் மேலே நிற்பது எளிதன்று. ஆயினும், நிற்கத்தான் வேண்டும்.

எது முதலில்?

இடர்களைக் கட்டுப்படுத்தும் முறைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முகமூடி, கையுறை, காலணி ஆகியன அவ்வரிசையின் கடைசியில் நிற்பவை. பயிற்சியும் எழுத்துவழி அனுமதியும் கண்காணிப்பும் அவற்றுக்கு மேலுள்ளவை. காற்றோட்டம் அமைத்தல் அதற்கும் மேல். அனைத்துக்கும் முதலாவது, இடர் உள்ள இடத்துக்கு மனிதரை அனுப்பாதிருத்தல். கழிவுநீர் உறிஞ்சும் ஊர்தி செய்வது இதனைத்தான். 2018ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் ஆள்நுழை குழிகளைத் துப்புரவு செய்ய எந்திரன் ஒன்று பயன்பாட்டுக்கு வந்தது. முன்பு குழிக்குள் இறங்கிய தொழிலாளரே அதனை இயக்கப் பயிற்சி பெற்றனர். நடைமுறையில் இவ்வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. ஒரு சோடிக் கையுறையைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததெனக் கருதுவோர் பலர்.

சட்டம் இதில் பின்தங்கவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு, தகுதியுடையவர் தாமே ஆய்ந்து எழுத்துவழிச் சான்று அளித்தாலன்றி, நச்சு வளி இருக்கக்கூடிய தொட்டிக்குள் எவரும் நுழையலாகாது என்றது. அச்சான்று இல்லையெனில், நுழைபவர் சுவாசக் கருவி அணிந்திருக்க வேண்டியிருந்தது. அவரது கச்சையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியில் உள்ள ஒருவர் பிடித்திருக்கவும் வேண்டியிருந்தது. ஆனால், இச்சட்டம் தொழிற்சாலைக்கு உரியதாக இருந்தது. வீட்டுத் தொட்டியில் இறக்கப்பட்டவருக்கு அக்கயிறு நெடுங்காலம் எட்டவில்லை. அவர்கள் வறியவர்கள், சாதியின் பெயரால் தலைமுறை தலைமுறையாக இப்பணி சுமத்தப்பட்டவர்கள். அவர்களுக்கு நேர்வது இடர் என்றே சமூகம் எண்ணவில்லை.

2013ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கைகளும் இன்றிச் சாக்கடையையோ கழிவுநீர்த் தொட்டியையோ ஆளை இறக்கித் துப்புரவு செய்விப்பதைக் குற்றமாக்கியது. முதன்முறைக் குற்றத்துக்கே ஈராண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சாக்கடைக்குள் இறந்தோரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது.

ஊர்தி நுழைய இயலாத குறுகிய சந்துகள் இன்னும் பல உள்ளன. 'ஆளை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை' என்னும் சொல் அங்குதான் மிகுதியாக எழுகிறது. சந்தின் முனையில் ஊர்தியை நிறுத்தி, உறிஞ்சு குழாயோடு மற்றொரு குழாயை இணைத்து நீட்டினாலே அவற்றுள் பல தொட்டிகளை எட்டிவிடலாம். குழாய்க்குச் சிறிது செலவாகும். பணியும் சற்று நேரம் பிடிக்கும்.