மோட்டார் பந்தயம்: எங்கே உட்காருவது, எங்கே தங்குவது?

ஐதராபாத் நகரின் நடுவில், ஹுசேன் சாகர் ஏரிக்கரையில், 2023-ம் ஆண்டு பிப்ரவரி 11-ம் தேதி உலகத் தரமான கார் பந்தயம் ஒன்று நடந்தது. மின்சாரத்தில் ஓடும் கார்களுக்கான 'பார்முலா ஈ' பந்தயம் அது. இந்திய மண்ணில் அந்தப் பந்தயம் நடந்தது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டும் நடக்கும் என்று நம்பியிருந்தவர்களுக்கு ஏமாற்றமே மிச்சம். 2024 பிப்ரவரி 10-ம் தேதி நடக்க இருந்த பந்தயம், ஒரு மாதம் இருக்கும்போதே ரத்தாகிவிட்டது. ஆட்சி மாறிய பிறகு ஒப்பந்தத்தை மாநில அரசு நிறைவேற்றவில்லை என்று பந்தயத்தை நடத்துவோர் அறிவித்தார்கள். முந்தைய ஆட்சியில் பணம் கொடுக்கப்பட்ட முறை குறித்து 2024 டிசம்பரில் ஊழல் தடுப்புப் பிரிவு வழக்கும் பதிவு செய்தது.

வீட்டு வாசலுக்கு வந்த பந்தயம் போய்விட்டது. கார் பந்தயம் பார்க்க ஆசைப்படும் ஐதராபாத் தமிழர் இப்போது ரயில் ஏறியாக வேண்டும். டிக்கெட், ரயில் கட்டணம், லாட்ஜ் வாடகை, இரண்டு நாள் லீவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மாதச் சம்பளத்தில் ஒரு கணிசமான பங்கு கரைந்துவிடும். அவ்வளவும் செலவழித்துவிட்டு, கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து 'விர்' என்று எதுவோ போனதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. கொஞ்சம் யோசித்து இடம் தேர்ந்தெடுத்தால் அதே செலவில் நிறைவாகப் பார்க்கலாம்.

ஏரிக்கரை சொன்ன பாடம்

என்.டி.ஆர். மார்க், லும்பினி பூங்கா, தலைமைச் செயலகம், நெக்லஸ் ரோடு பக்கமாக அமைந்த அந்தப் பாதையின் நீளம் சுமார் 2.8 கிலோ மீட்டர். வளைவுகள் 18. பதினொரு அணிகளின் 22 கார்கள் ஓடின. பிரான்ஸ் நாட்டு வீரர் ழான் எரிக் வெர்ன் முதலாவதாக வந்தார். அவருக்கும் இரண்டாவதாக வந்த நியூசிலாந்து வீரர் நிக் காசிடிக்கும் இடையே இருந்த வித்தியாசம் அரை விநாடிக்கும் குறைவு. வெர்ன் காரில் மின்சாரம் குறைந்துகொண்டே வந்தது. காசிடியிடம் சற்றுக் கூடுதலாக இருந்தது. கடைசிச் சுற்றுகளில் பின்னால் நெருக்கி வந்தவரை வழிவிடாமல் தடுத்தே வெர்ன் ஜெயித்தார்.

அன்றைய இன்னொரு பெரிய சம்பவம், ஜாகுவார் அணியின் இரண்டு கார்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டது. நீண்ட நேர்ப்பாதை முடிந்து கொண்டை ஊசிபோல் திரும்பும் வளைவில் அது நடந்தது. அந்த வளைவைப் பார்க்க உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணால் கண்டார்கள். மற்றவர்களுக்கு அது திரையில் பார்த்த காட்சிதான். டிக்கெட்டில் அச்சிட்ட விலையைவிட, ஆசனம் எந்த வளைவைப் பார்க்கிறது என்பதே முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

பந்தயத்தில் அக்கறை இல்லாதவர்களுக்கும் அந்த நாட்கள் மறக்காது. சைபாபாத், கைரதாபாத் அலுவலகங்களுக்குப் போகிறவர்கள் பல நாள் சுற்றுவழியில் போய்வந்தார்கள். பந்தயத்துக்கு முன்பு, சாதாரண நகர வாகனங்கள் வழி தெரியாமல் பந்தயப் பாதைக்குள்ளேயே புகுந்த படம் நாடு முழுவதும் பரவியது.

ஒரு சின்னக் கணக்கு

ஆசனம் தேர்ந்தெடுக்கும் முன்பு ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நேர்ப்பாதையில் ஒரு கார் மணிக்கு 200 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்குச் சுமார் 55 மீட்டர். உங்கள் ஆசனத்திலிருந்து 100 மீட்டர் தூரம் தெரிகிறதென்றால், அந்தக் கார் உங்கள் கண்ணில் படுவது இரண்டு விநாடிக்கும் குறைவு. முப்பது சுற்றுக்கும் சேர்த்து அது ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அதே கார் ஒரு குறுகிய வளைவில் 50 கிலோ மீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடும். அங்கே அதே 100 மீட்டரைக் கடக்க ஏழு விநாடி பிடிக்கும். முப்பது சுற்றுக்கு மூன்றரை நிமிஷம். ஒரே மாதிரியான செலவில் மூன்று மடங்குக்கும் அதிகமாகப் பார்க்கிறீர்கள். ஓட்டுபவர் பிரேக் பிடிப்பது, பின்னால் வருபவர் உள்பக்கம் நுழைவது, சக்கரம் வழுக்குவது எல்லாம் அங்கேதான் நடக்கும். ஒரு காரை இன்னொரு கார் முந்துவது பெரும்பாலும் நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில்தான்.

ஆகையால் முதல் விதி: பந்தயம் புறப்படும் இடத்துக்கு எதிரே உள்ள ஆடம்பர ஆசனத்துக்கு ஆசைப்பட வேண்டாம். அங்கே புறப்பாடும், பரிசளிப்பும் நன்றாகத் தெரியும். நடுவில் உள்ள நேரமெல்லாம் கார்கள் பறந்து போவதைத்தான் பார்க்க முடியும். நேர்ப்பாதையின் முடிவில் உள்ள வளைவே சிக்கனக்காரருக்கு ஏற்ற இடம்.

இரண்டாவது விதி: மேல் வரிசை. நகர வீதிப் பந்தயங்களில் இருபுறமும் சிமெண்டுத் தடுப்பும் அதற்கு மேல் கம்பி வலையும் இருக்கும். கீழ் வரிசையில் இருப்பவருக்கு வலைதான் தெரியும். ஐந்தாறு படி மேலே ஏறினால் பார்வை வலையைத் தாண்டிவிடும்.

மூன்றாவது விதி: எதிரே பெரிய திரை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். யார் முதலாவது, யார் கடைசி என்பது திரை இல்லாமல் பத்துச் சுற்றுக்குப் பிறகு யாருக்கும் புரியாது.

நான்காவது விதி: பிற்பகல் பந்தயம் என்றால் மேற்கே முதுகு காட்டி உட்காரும் இடமாகப் பாருங்கள். கூரை இல்லாத காலரியில் மூன்று மணி வெயிலை எதிர்த்து உட்கார்ந்தால் கண்ணும் தலையும் வலித்துவிடும்.

இன்னொன்று, சத்தம். மின்சாரக் கார்கள் விசில்போல ஒரு சீற்றத்தோடு போய்விடும். பெட்ரோல் கார்கள் அப்படியல்ல. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் காதுக்குப் பஞ்சு எடுத்துச் செல்வது நல்லது.

நம் ஊர்ப் பந்தயங்கள்

சென்னைக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் உள்ள உறவு பழையது. இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் 1950-களிலேயே பந்தயங்கள் தொடங்கிவிட்டன. பிரிட்டனின் புகழ்பெற்ற சில்வர்ஸ்டோன் மைதானமும் இதுபோல யுத்த கால விமானத் தளமாக இருந்து பந்தயக் களமானதுதான். சோழவரத்துக்குப் பதிலாக ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் நிரந்தரப் பந்தயப் பாதை திறக்கப்பட்டது. முழுச் சுற்று சுமார் 3.7 கிலோ மீட்டர். கோவை அருகே செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே, கார் வடிவமைப்பாளரும் பந்தய வீரருமான கரிவரதன் நினைவாகப் பெயர் பெற்றது. அதன் சுற்று 2.1 கிலோ மீட்டர்தான். 2005-ல் இந்தியாவின் முதல் பார்முலா ஒன் வீரரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். 2010-ல் அந்தக் களத்தில் இறங்கிய கருண் சந்தோக் சென்னைக்காரர்.

சென்னை நகருக்குள்ளேயே தீவுத்திடலைச் சுற்றி இரவு நேர வீதிப் பந்தயம் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தது. பாதை சுமார் 3.5 கிலோ மீட்டர், 19 வளைவுகள். இது 2023 டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் வந்து எட்டு மாதத்துக்கு மேல் தள்ளிப்போயிற்று. முதல் நாளும் மழையாலும், பாதுகாப்புச் சான்று கிடைக்கத் தாமதமானதாலும் நிகழ்ச்சிகள் குறித்த நேரத்தில் தொடங்கவில்லை. அன்று ஒரு நாள் மட்டும் பார்த்துவிட்டு ராத்திரி ரயிலுக்குத் திரும்பலாம் என்று வருபவர் பாடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தங்குவதற்கு எந்த இடம்?

வீதிப் பந்தயத்துக்குப் போகிறவர் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே. அன்று சாலைகள் மூடியிருக்கும். ஆட்டோ வராது. பஸ் வேறு வழியில் போகும். ஆகவே நடந்து போகும் தூரத்தில் தங்க வேண்டும், இல்லையென்றால் ரயில் பாதையை ஒட்டித் தங்க வேண்டும்.

தீவுத்திடலுக்குத் திருவல்லிக்கேணி மிகவும் வசதி. அங்குள்ள மேன்ஷன்களில் நம்மவர்கள் பலருக்கு அண்ணனோ மாமாவோ ஒரு காலத்தில் இருந்திருப்பார்கள். நடந்தே போய்விடலாம், இரவு எத்தனை மணி ஆனாலும் திரும்பிவிடலாம். சாப்பாட்டுக்கும் குறைவில்லை. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு எழும்பூர், பெரியமேடு லாட்ஜுகள் ஏற்றவை. தாம்பரம், மாம்பலம் பக்கம் உறவினர் வீடு இருந்தால் மின்சார ரயிலை நம்பிப் போகலாம். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது. திருவல்லிக்கேணியில் தங்கினால் அதிகாலையிலேயே கிளம்ப வேண்டிவரும். பூந்தமல்லி அல்லது ஸ்ரீபெரும்புதூரில் தங்கினால் பஸ்ஸில் சுலபமாகப் போகலாம். ஐதராபாத்திலிருந்து சார்மினார் எக்ஸ்பிரஸில் மாலையில் ஏறினால் மறுநாள் காலை சென்னை. கோவைக்குச் சபரி எக்ஸ்பிரஸ் உண்டு.

ஐரோப்பாவிலும் இதே கதைதான்

கார் பந்தயத்தின் தாய்வீடான ஐரோப்பாவிலும் சிக்கனமான ரசிகர்கள் இதே தந்திரத்தைத்தான் கையாளுகிறார்கள். 1929 முதல் வீதிப் பந்தயம் நடக்கும் மொனாக்கோவில் அந்த நாட்களில் ஓட்டல் வாடகை சாதாரண மனிதனுக்கு எட்டாது. ரசிகர்கள் பக்கத்துப் பிரெஞ்சு நகரமான நீஸில் தங்கி, அரைமணி நேரத்துக்குள் ரயிலில் வந்துவிடுகிறார்கள். ஆசனம் வாங்க முடியாதவர்கள் அரண்மனைக் குன்றின் சரிவில் இடம் பிடிக்கிறார்கள். இத்தாலியின் மோன்ஸாவுக்கு மிலன் நகரில் தங்கி ரயிலில் போகிறார்கள். பெல்ஜியத்தின் ஸ்பா பாதை ஏழு கிலோ மீட்டர் நீளம். காட்டுக்குள் மேடும் பள்ளமுமாக ஓடுகிறது. அங்கே கூடாரம் அடித்துத் தங்கி, பயிற்சி நாளில் ஒரு வளைவு, பந்தய நாளில் ஒரு வளைவு என்று நடந்து நடந்து பார்க்கிறார்கள். பிரான்ஸின் லெ மான் பந்தயம் 24 மணி நேரம் நடப்பதால் கூடாரமே வீடு.

அந்த லெ மானில் 1955-ம் ஆண்டு ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் உயிரிழந்தார்கள். இன்றைக்குள்ள வலை, தடுப்பு, தூர இடைவெளி எல்லாம் அப்படிப்பட்ட விபத்துகளிலிருந்து கற்றவை. நம் இருங்காட்டுக்கோட்டையிலும் 2023-ல் மட்டும் கார் ஓட்டிய ஒருவரும், மோட்டார் சைக்கிள் ஓட்டிய 13 வயதுச் சிறுவன் ஒருவனும் பந்தயத்தில் பலியானார்கள். 'அந்தப் பக்கம் போகாதே' என்று ஊழியர் சொன்னால் தகராறு செய்யக் கூடாது. படம் எடுக்கத் தடுப்பின் மேல் ஏறுவது கூடவே கூடாது.

பணம் கட்டும் முன்பு

இந்தியாவில் பந்தயம் அறிவிக்கப்படுவது ஒன்று, நடப்பது வேறொன்று. டில்லி அருகே கிரேட்டர் நொய்டாவில் 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகள் நடந்த பார்முலா ஒன் பந்தயம் அதோடு நின்றது. ஐதராபாத் பந்தயம் ஒரே தடவையோடு நின்றது. சென்னைப் பந்தயம் புயலில் தள்ளிப்போனது. இதையெல்லாம் கணக்கில் வைத்து நாம் செலவைத் திட்டமிட வேண்டும்.

ரயில் டிக்கெட்டை முதலில் எடுங்கள்; ரத்து செய்தாலும் ஒரு பகுதி திரும்ப வரும். லாட்ஜுக்கு முழுப் பணமும் முன்கூட்டிக் கட்ட வேண்டாம். பந்தய டிக்கெட்டில், ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா, தேதி மாறினால் அதே டிக்கெட் செல்லுமா என்ற வரிகளைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கும் செல்லும் டிக்கெட் என்றால் ஒரு நாள் மழையில் போனாலும் மறுநாள் கைகொடுக்கும்.

முதன்முதலாகப் பார்க்கப் போகிறவருக்கு, நகர வீதிப் பந்தயத்தைவிட இருங்காட்டுக்கோட்டையிலோ கோவையிலோ நடக்கும் தேசியப் பந்தயமே நல்ல தொடக்கம். நெரிசல் குறைவு. ஆரவாரம் குறைவு. பாதை நிரந்தரமானது என்பதால் கடைசி நேரத்தில் அனுமதி கிடைக்குமா என்ற கவலையும் குறைவு. ஒரு வளைவை விட்டு இன்னொரு வளைவுக்குப் போய்ப் பார்க்கவும் வாய்ப்புண்டு. ஒரு தடவை அங்கே பார்த்துப் பழகியவர், பிறகு எந்த ஊர்ப் பந்தயத்துக்குப் போனாலும் பாதையின் வரைபடத்தைக் கண்டதும் எந்த வளைவில் உட்காருவது என்று தாமே சொல்லிவிடுவார்.